தவிட்டுக்கு வாங்கிய மகளுக்கு

பாப்பாவுக்கு,

பெரிய பாப்பா என்று எழுத வந்த கையை நிறுத்திப் பாப்பா என்று மட்டும் எழுதியிருக்கிறேன். காரணம் பின்னால் வரும். குன்றத்தூர் ஒன்றும் காசி ராமேஸ்வரம் இல்லை, உன் தம்பி மூர்த்தியின் பைக்கில் ஏறினால் டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம். போன் இருக்கிறது, அதில் முகம் வேறு தெரிகிறது. இந்தக் காலத்தில் பக்கத்து ஊரில் இருக்கிற மகளுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிற கிறுக்கன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "இன்னா எழுதிக்கினு கீற? போன்ல சொன்னா வாய் வலிக்குமா?" வாய் வலிக்காது, ஆனால் வாய் வராது. நேற்று நீ போனில் அழுதாய். "என்னப்பா பண்றது, கவின் எங்கிட்ட பேசவே மாட்டேன்றாம்ப்பா" என்று கேட்டாய். நான் "சரியாயிடும்மா, சரியாயிடும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் தள்ளினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை ஏன் காய்கிறது என்பார்களே, பிள்ளை பெற்ற வீட்டில் ஆம்பளை அந்த எலிப்புழுக்கைதான். நீ பிறந்தபோதும் காய்ந்தேன், உன் தம்பி பிறந்தபோதும் காய்ந்தேன், இப்போது உன் பிள்ளைகளுக்காகவும் காய்ந்துகொண்டிருக்கிறேன்.

உன் மூத்தவன் கவினை இங்கே அனுப்பியது தப்பு என்று சொல்ல வரவில்லை. பிறந்த தங்கச்சியின் கன்னத்தை அவன் கிள்ளினான், உன் மாமியார் பயந்துபோனார்கள், உனக்கோ வயிற்றில் தையல் ஆறவில்லை. "கொஞ்ச நாள் தாத்தா வீட்ல இருக்கட்டும் மாமா" என்று மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டார். நாங்களும் வாயெல்லாம் பல்லாக வாங்கி வைத்துக்கொண்டோம். அவன் எங்களைப் படுத்துகிறானா என்று கேட்டாய். படுத்தினால் தேவலையே. வைத்ததைச் சாப்பிடுகிறான், கூப்பிட்டால் குளிக்கிறான், நாலரை வயசுப் பிள்ளை பெரிய மனுஷன் மாதிரி தட்டைக் கழுவக் கொண்டுபோய்ப் போடுகிறான். ஆனால் மத்தியானம் மூன்று மணி தாண்டி முதல் ஷிப்ட் விட்டு கம்பெனி பஸ்கள் நம் தெரு முனையில் திரும்ப ஆரம்பித்ததும் ஷூவை எடுத்து மாட்டிக்கொள்கிறான். ஸ்கூல் பையை முதுகில் போட்டுக்கொள்கிறான். கேட்டருகில் போய் நிற்கிறான். நீ வேலைக்குப் போன காலத்தில் குன்றத்தூரில் இப்படித்தானே தினமும் உன் பஸ்ஸுக்கு நிற்பான்? உன் கம்பெனி இருக்கிற வல்லம் வடகால் பக்கமிருந்து வருகிற பஸ்ஸெல்லாம் அவனுக்கு உன் பஸ்தான். வரிசையாக எல்லா பஸ்ஸும் போய்ச் சேர்ந்த பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, "அம்மாவுக்கு இன்னிக்கு ஓ.டி. தாத்தா" என்கிறான், ஓவர்டைமாம். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொல்கிறான். எனக்காகப் பரிதாபப்பட்டுச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

நான் செய்யாதது இல்லை. ஜேசிபி பார்க்கக் கூட்டிப் போனேன், கன்டெய்னர் லாரிகள் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போய் சக்கரத்தை எண்ணச் சொன்னேன், பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தான், தின்றான். பிறகு, "போலாமா தாத்தா, பஸ் வர்ற டைம் ஆச்சு" என்றான். அம்மா லீவில் இருக்கிறாள், பஸ்ஸில் வரமாட்டாள் என்று உன் அம்மா ஒரு நாள் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். "லீவு முடிஞ்சிருக்கும் பாட்டி" என்று அவளுக்கே சமாதானம் சொன்னான். நீ போன் செய்தால் மட்டும் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறான். போனில் வருகிற அம்மா அவனுக்கு வேண்டாம்போலிருக்கிறது, பஸ்ஸில் வருகிற அம்மாதான் வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நேற்று அதே போனில் நீ இன்னொன்றும் கேட்டாய். "மூர்த்தி பொறந்தப்போ நானும் இப்படித்தான் இருந்தேனாம்மா?" என்று. உன் அம்மா பட்டென்று, "நீயா? நீ தங்கமா இருந்த. ஒரு தொந்தரவு கெடையாது" என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது முழுசும் இல்லை. சொல்லிவிட்டு அவளும் என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பேனாவும் பேப்பரும்.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் மாசி மாசம் மூர்த்தி பிறந்தான். உனக்கு அப்போது ஐந்து வயசு. நான் அப்போது ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில் இருந்த ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அறுப்பு முடிந்த நேரம், மில்லில் மூட்டை மேல் மூட்டை, மூச்சு விட நேரம் இருக்காது. வீட்டுக்கு வரும்போது தலையிலும் புருவத்திலும் தவிடு அப்பியிருக்கும். நீ என் மடியில் ஏறி நின்று உன் கையால் அதைத் தட்டிவிடுவாய். "அப்பா தாத்தா ஆயிட்ச்சு" என்று சொல்லிச் சிரிப்பாய். அப்படி ஒரு நாள் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான், "என்ன எங்கருந்துப்பா எடுத்தாந்த?" என்று கேட்டாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "மில்லாண்ட ஒரு அம்மா வந்துச்சு. ஒரு முறம் தவுடு குடுத்து உன்ன வாங்கியாந்தேன்" என்றேன். நம் பக்கத்தில் எந்த அப்பன் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறான்? ஊரில் பாதிப் பிள்ளைகள் தவிட்டுக்கு வாங்கினதுதான். ஆனால் மற்ற அப்பன்கள் சொன்னால் அது வெறும் பேச்சு, பிள்ளையும் சிரித்துவிட்டுப் போய்விடும். மில் ஓட்டுகிற அப்பன் புருவமெல்லாம் தவிடோடு உட்கார்ந்து சொன்னால் பிள்ளை ஏன் நம்பாது? நீ நம்பினாய். அதுவும் சந்தோஷமாக நம்பினாய். தெருவில் போய், "எங்கப்பாதான் என்ன வாங்கிச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

உனக்கும் மூர்த்திக்கும் நடுவில் ஒரு பையன் பிறந்தான், உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவே இல்லை. உன் அம்மா அதற்கப்புறம் ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை. அதனால் மூர்த்தி ஆபரேஷனில் பிறந்து, மூச்சுத் திணறிப் பிழைத்து வீட்டுக்கு வந்தபோது, தெருவில் இருக்கிற பெண்களெல்லாம் சேர்ந்து, இந்தப் பிள்ளையை வித்து வாங்கு என்றார்கள். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் பிள்ளையாக அது கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு பெற்றவளே போய்த் தவிடு கொடுத்து வாங்கிவர வேண்டும். அப்போது அது பெற்ற பிள்ளை இல்லை, வாங்கின பிள்ளை. அவ்வளவு மலிவாக வாங்கின பிள்ளையை எமன் சீண்ட மாட்டானாம். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் உன் அம்மா முகத்தைப் பார்த்தால், கிணற்றில் குதித்து எழுந்து வா என்று யாராவது சொல்லியிருந்தாலும் நான் குதித்திருப்பேன்.

மூன்று வீடு தள்ளி இருந்த லூர்து அக்காவிடம்தான் கொடுத்தோம். பெற்ற நாலும் பிழைத்த கை அவளுடையது. "எங்க சர்ச் சாமியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு" என்றாள். "பரவால்ல, புள்ள பொழைக்கட்டும். குடு இப்டி." பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உன் அம்மா முறத்தில் தவிட்டோடு அவள் வாசலில் போய் நின்றாள். நீ முறத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாய். "யக்கா, உன் புள்ளயக் குடுக்கிறியா?" "தவுட்டுக்குன்னா குடுப்பேன்." "இந்தா தவுடு." "இந்தா புள்ள." தெருவே கூடி நின்று சிரித்தது. உன் அம்மா சிரிக்கவில்லை. பிள்ளையை வாங்கி முந்தானையால் போர்த்திக்கொண்டு, "எம்புள்ள, நான் வாங்குன புள்ள" என்று அதன் தலையில் முகத்தை வைத்து அழுதாள். அழுதுகொண்டே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் அழுதது போனவனுக்கும் சேர்த்து. அது எங்களுக்குத் தெரியும், ஐந்து வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நீ காலி முறத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாய். நீயும் சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டேன்.

அதுவரைக்கும் நீதான் பாப்பா. வீட்டிலும் தெருவிலும் மில்லிலும் உனக்கு அதுதான் பேர், தேன்மொழி என்று எழுதி வைத்தது ஸ்கூலுக்கு மட்டும்தான். அவன் வந்ததும் பாப்பா என்றால் அவன் என்று ஆகிவிட்டது. "பாப்பா அழுவுது பாரு", "பாப்பா தூங்குது, கத்தாத." நீ இரண்டு மூன்று தடவை "நான் அழுவலயே" என்று பதில் சொன்னாய். எங்களுக்கு அது ஒரே வேடிக்கை. உன்னைப் பெரிய பாப்பா ஆக்கினோம். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பேர் இல்லை, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உன் அம்மாவிடம் வெயிட் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன்னையும் அந்த வெயிட்டில் சேர்த்தாயிற்று. காலையில் எழுந்ததும் நீ அவள் பாய்க்குப் பக்கத்தில் போய் நின்று, "தூக்கும்மா" என்று கையை நீட்டுவாய். "ஒடம்பு சரியாவட்டும், அப்பறம் தூக்கறேன்." மறுநாள் காலையில் போய், "சரியாயிட்ச்சா?" என்பாய். "இன்னும் இல்லம்மா." பிறகு, "அந்தாண்ட போ பெரிய பாப்பா, தையல்ல காலு பட்டுடப் போவுது." அவள் கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். கெஞ்சுகிற மாதிரிதான் சொல்வாள். ஆனால் அவள் மடியில் அவன் எந்நேரமும் இருந்தான். அவனும் வெயிட்தானே என்று உனக்குத் தோன்றியிருக்கும். ஆனால் நீ அதைக் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில், உன் அம்மா படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் தரையில் ஒரு குவியல் தவிடு இருந்தது. எருமைக்கு நான் கொண்டுவந்து வைத்திருந்த தவிடு. கவுனில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருக்கிறாய், வழியெல்லாம் சிந்தியிருந்தது. "இன்னா பண்ணி வெச்சிகீது பாரு இந்தப் பொண்ணு. எறும்பு வந்து புள்ளயக் கடிக்கப் போவுது" என்றாள் உன் அம்மா. நான் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கி, எருமைத் தொட்டியில் போட்டுவிட்டு மில்லுக்குக் கிளம்பினேன். நீ வீட்டில் இல்லை. லூர்து அக்கா வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருப்பாய் என்று நினைத்தோம். சொல்லப்போனால், கொஞ்ச நேரம் வீடு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் இருவருமே நினைத்தோம்.

சாயங்காலம் நான் சைக்கிளில் வரும்போது லூர்து அக்கா தெரு முனையிலேயே மடக்கினாள். "ஏம்ப்பா, உன் பொண்ணு காலைலருந்து எங்கூட்டு வாசல்ல குந்திக்கினு கீது. கூப்ட்டாலும் வெளயாட வரல. கஞ்சி குடுத்தா வாணாங்குது. கேட்டா, 'என்ன வாங்க வருவாங்கத்தே'ன்னு சொல்லுது. யாரு வர்றது, இன்னா வாங்கறது? எனக்கு ஒண்ணும் புரியல." எனக்கும் புரியவில்லை. போய்ப் பார்த்தேன். பொங்கலுக்கு எடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு நீயே வாரிக்கொண்டு, சுவரோரமாக உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. என்னைத் தாண்டி நம் வீட்டுப் பக்கம் பார்த்தாய்.

அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பாவி. சைக்கிள் கேரியரில் எருமைக்குக் கொண்டுவந்த தவிட்டு மூட்டை அப்படியே இருந்தது. அதை இறக்கி வாசலில் தொப்பென்று போட்டு, "இந்தா லூர்தக்கா, முறமெல்லாம் எதுக்கு, முழு மூட்ட. என் பொண்ணக் குடு" என்றேன். லூர்து அக்காவும் சிரித்தாள். நீ தலையை ஆட்டினாய். "நீ வாங்கக் கூடாது" என்றாய். ஏன் என்றேன். "நீதான் என்ன மில்லுலயே வாங்கிட்டியே. தம்பியத்தான் அம்மா வாங்கிச்சு. என்னத்தான் அம்மா வாங்கவே இல்ல."

நான் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அது விளையாட்டுக்குச் சொன்னது, உன்னையும் அம்மாதான் பெற்றாள் என்று என்னென்னவோ சொன்னேன். நீ பொறுமையாகக் கேட்டாய். "அம்மாவாண்ட தவுடு வெச்சிட்டு வந்துகீறேன். அம்மா வரும்" என்றாய். காலையில் துடைப்பத்தால் பெருக்கியவன் நான். அதை உன்னிடம் எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "காலைல அந்தத் தவுடு" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள். "மொறத்த எடு" என்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அதுவரை நான் அவனைத் தூக்கியதே இல்லை, தவிட்டுக் கை என்று தொட விட மாட்டாள். முன்னால் அவள் இரண்டு கையிலும் முறத்தை ஏந்திக்கொண்டு, வயிற்றை வளைத்து, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். பின்னால் நான் அவனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு போனேன். அவன் வீல் வீலென்று கத்தினான்.

அவளைப் பார்த்ததும் நீ எழுந்து நின்றாய். அந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை பாப்பா. "யக்கா, உன் பொண்ணக் குடுக்கிறியா?" என்றாள் உன் அம்மா. லூர்து அக்கா விளையாட்டை விடவில்லை. முறத்தை எட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ தவுடு போதாதே" என்றாள். உனக்குப் பதறிவிட்டது. "போதும் அத்தே, போதும். குடுத்துடு அத்தே" என்று அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாய். லூர்து அக்கா தவிட்டைத் தன் கூடையில் கொட்டிக்கொண்டு, உன் முதுகில் கை வைத்து, "இந்தா, எடுத்துக்கோ" என்றாள்.

நீ இரண்டு கையையும் தூக்கினாய். வாங்கினால் தூக்கிக்கொண்டுதானே போக வேண்டும், தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாளே. உன் அம்மா குனிந்தாள். பாதி குனிந்து நின்றாள். ஒரு கை தையல் மேல் போய்விட்டது. முகம் வெளுத்துவிட்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. நான் அவனை லூர்து அக்கா கையில் திணித்துவிட்டு உன்னைத் தூக்க வந்தேன். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். அம்மாவையே பார்த்தாய். கொஞ்ச நேரம் கை மேலேயே இருந்தது. பிறகு கையை இறக்கிக்கொண்டாய்.

"பரவால்லம்மா. நான் நடந்தே வரேன்" என்றாய்.

சொல்லிவிட்டுக் காலி முறத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தாய். தெருவில் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். "பாரு, பெரிய மனுஷி ஆயிட்ச்சு" என்றார்கள்.

அதற்கப்புறம் உன் அம்மா சொல்வது சரி, நீ தங்கம். மறுநாளிலிருந்து "தூக்கு" என்று கேட்கவில்லை. அவன் துணியை அலசினாய், தூளி ஆட்டினாய், அவனுக்கு ஊட்டிவிட்டுப் பிறகு நீ சாப்பிட்டாய். அக்கா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் மெச்சியது, நானும் மில்லில் பீற்றிக்கொண்டேன். அவள் உடம்பு சரியானதும் ஒரு நாள் உன்னைக் கூப்பிட்டு, "வாடி, தூக்கறேன்" என்றாள். "நான் வெயிட்டும்மா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாய். உனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. எனக்கு நீ எதைக் கேட்காமல் விட்டாலும் அந்தக் கை இறங்கினதுதான் ஞாபகம் வரும். பத்தாவது முடித்ததும் நீயாக, பக்கத்து ஸ்கூலே போதும்ப்பா என்றாய். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது கடையில் முதலில் காட்டியதையே போதும் என்றாய். இந்தப் பிரசவத்துக்கு வலி கண்டபோது, மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட், எங்களையாவது கூப்பிட்டிருக்கலாம். நீயே ஷேர் ஆட்டோக்காரரைப் பேசி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டு, "வந்துட்டேம்ப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்று போன் செய்தாய். நான் போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம், இவள் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறாள் என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லி உன்னை அழவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையா? நேற்று நீ போன் வைத்த பிறகு ஒன்று நடந்தது, அதற்காகத்தான். கவின் வழக்கம்போல் ஷூவும் பையுமாகக் கேட்டில் நின்றான். உன் அம்மா துணைக்குப் போய் நின்றாள். அவள் முட்டிதான் உனக்குத் தெரியுமே, இரண்டு பஸ் போவதற்குள் வலி தாங்காமல், "அய்யோ அப்பா" என்று அங்கேயே மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அவனைக் கூப்பிடக்கூட இல்லை. முட்டியை நீவிக்கொண்டு தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் அவன் நின்றான். பிறகு பையைக்கூடக் கழற்றாமல், வந்து அவள் மடியில் உட்கார்ந்தான். இத்தனை வாரத்தில் எங்கள் இருவர் மடியிலும் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தானே தவிர, பார்வை மட்டும் ரோட்டில்தான். அவன் தலைக்கு மேலாக உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "அன்னிக்கு லூர்தக்கா வூட்டு வாசல்ல நான் இப்டி குந்தியிருந்தா, அதுவா வந்து ஏறியிருக்கும் இல்ல?" என்றாள்.

அவ்வளவுதான் பாப்பா. அன்றைக்கு மூன்று பெரியவர்கள் நின்றோம். தூக்க முடியுமா முடியாதா என்று பார்த்துக்கொண்டே நின்றோம். உட்காரலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கவின் விஷயத்தில் எனக்கு வேறு ஒரு வழியும் தெரியவில்லை. அவனைத் திரும்பக் கொண்டுவந்து விடட்டுமா என்றால், அவன் இங்கே இருக்கட்டும் என்று உன் மாமியார் சொன்ன கெடு இன்னும் முடியவில்லை. அவர்களை மீறிப் பேச நான் யார்? நான் சொல்லி அவன் கேட்கப் போவதில்லை. பரோட்டாவுக்கும் ஜேசிபிக்கும் அவன் மயங்கப் போவதில்லை. அன்றைக்கு நீ முழு மூட்டைக்கு மயங்கினாயா? அதனால் உன்னிடம்தான் கேட்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு கார் பிடித்து, ஒரே ஒரு மத்தியானம் வந்துவிட்டுப் போ. சின்னதை உன் மாமியாரிடம் விட்டுவிட்டு வா, முடியாவிட்டால் கூட்டிக்கொண்டு வா, அதை நான் வைத்துக்கொள்கிறேன், இப்போது என் கையில் தவிடு இல்லை. மூன்று மணிக்குள் வா. பஸ்ஸெல்லாம் போய்ச் சேருவதற்குள், அவன் ஓ.டி. என்று சொல்லுவதற்குள் வந்துவிடு.

உனக்குத் தையல், தூக்கக் கூடாது. அவன் கையைத் தூக்குவான், தூக்காதே. கேட் பக்கத்திலேயே நிழலாக ஒரு பாயைப் போட்டு வைக்கிறேன். நீ வந்து உட்கார்ந்துவிடு. தையலோடு கீழே உட்கார்ந்தால் எழுந்திருப்பதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

எழுந்திருக்க நான் கை கொடுக்கிறேன். நீயாக எழுந்திருக்காதே.

அப்பா